நாடி, கை, எண்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒருவர் இறந்ததைச் சொல்ல 'நாடி அடங்கிருச்சு' என்ற பேச்சு இன்னும் போகவில்லை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்த சித்த வைத்தியர் குணமாக்குகிறவர் மட்டுமல்ல. நோயைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்துச் சொல்கிறவரும்கூட. அசாத்தியம் என்றால் மருந்து நிற்கும், உறவுக்கு ஆள் போகும். ஆக, எங்கே கையை எடுத்துவிடலாம் என்கிற உத்தரவும் அந்த முன்கணிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. (தொட்டே ஆகவேண்டிய இந்தக் கலை, தொடக்கூடாதென்று ஊர் ஒதுக்கிவைத்த கைகளை என்ன செய்தது என்று நம் மருத்துவப் பெருமை பேசுகிறவர்கள் கேட்பதில்லை.)

தொடுவதில் உள்ள சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1816இல் பாரிஸில் லென்னெக் ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. மருத்துவ நோக்கின் பிறப்பு குறித்து ஃபூக்கோ 1963இல் எழுதிய நூல் இந்தக் காலகட்டத்தைப் பற்றியதுதான். விலகிப்போன கை 1960இல் திரும்பி வந்தது. மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே, இதயம் நின்ற உடலில் ரத்தத்தை ஓட்டலாம் என்று கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் அமெரிக்காவில் எழுதினார்கள். கூடவே பழைய கேள்வியும் வந்தது: எவ்வளவு நேரம் அழுத்துவது?

பதிலை மூச்சில் தேடினார்கள். உடலில் உண்டாகும் கரியமில வாயுவை ரத்தம்தான் நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது. இதயம் நின்றால் வரத்து நிற்கும். மார்பை அழுத்தினால் கொஞ்சம் வரும். இதயம் மறுபடி துடித்தால் அளவு சட்டென்று எகிறும். ரத்தக்குழாயில் ஊசி குத்தாமல், மூச்சுக்குழாயோடு மாட்டிய கருவியிலேயே இதைப் பார்த்துவிடலாம். 1978இல் கலேண்டா இதைக் கவனித்துச் சொன்னார். 1997இல் லெவினும் சக ஆய்வாளர்களும் 150 பேரைப் பார்த்து ஒரு கோடு கிழித்தார்கள்: 20 நிமிடம் கழிந்தும் 10 மில்லிமீட்டரைத் தாண்டாதவர் எவரும் பிழைக்கவில்லை. 'பிழைத்தார்' என்பதற்கு அங்கே பொருள், உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்பதுதான்; வீடு திரும்பினார் என்பதல்ல.

இந்த எண்ணோடு எனக்கு வழக்கில்லை. இது யாருடைய எண் என்பதுதான் என் கேள்வி. அழுத்துகிற கை சோர்ந்தாலும் அது இறங்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். 108 வண்டி வந்தது 2008இல். அரசு மருத்துவக் கல்லூரி 2012இல், அதுவும் காரைக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். கண்மாய்க் கரையில் சுருண்டு விழுந்த ஒருவரை ஆட்டோவில், மடியில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். வழியில் யாரும் நெஞ்சை அழுத்தவில்லை; சொல்லிக்கொடுத்தவர் இல்லை. கடைசியில் கருவி 8 காட்டுகிறது. அந்த எட்டுக்குள் அவருடைய இதயம் மட்டுமா இருக்கிறது? சாலையும் தாமதமும் இருக்கின்றன, ஆள் பற்றாத வார்டில் மாற்றிவிட ஆளில்லாமல் அழுத்திக்கொண்டிருக்கும் கையும் இருக்கிறது. எல்லாம் கரைந்து அவர் உடலின் குணமாகப் பதிவாகிறது. கையை எடுக்கிறார்கள், இறக்கிறார். இறந்ததால் எண் சொன்னது சரி என்றாகிறது. இந்த எண்ணை மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ஒளி வந்திருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி மூளையின் ஆக்ஸிஜன் நிலையைப் பார்க்கலாம் என்று யோப்சிஸ் 1977இல் காட்டினார். நெற்றியில் ஒட்டினால் போதும், நாடி இல்லாதபோதும் வேலை செய்யும். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்டு திரிந்த ஆக்ஸிமீட்டருக்கு நாடித்துடிப்பு வேண்டும். அதுவும் ஒளியை நம்பிய கருவிதான். மறைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவை அது வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதென்று 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நெற்றிக் கருவியின் ஒளியும் தோலைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். அதற்கான கோட்டை யாருடைய நெற்றிகளை வைத்துக் கிழிக்கிறார்கள்?