மழைத்துளியின் வடிவம்

தரம் எட்டில் மழை பற்றிய பாடமொன்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கொப்பியின் ஓரத்தில், கண்ணீர் போல மேல்முனை கூரான துளிகளை வரைந்திருந்தாள். "சேர், மழைத்துளி உண்மையிலயே இப்பிடித்தானா இருக்கும்?" என்று கேட்டாள். தமிழ் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது.

அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி, தட்டில் கோதுமை மாவைப் பரப்பி மழையில் நீட்டினார். துளி விழுந்த இடத்தில் மா உருண்டையாகத் திரண்டது. அதை அளந்து துளியின் பருமனைக் கணித்து, 1904இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜேர்மனியரான பிலிப் லெனார்ட், மேல்நோக்கி வீசும் காற்றில் துளிகளை மிதக்கவிட்டு ஆராய்ந்ததை எழுதினார். சின்னத் துளி உருண்டை. பெரிய துளியோ அடி தட்டையாகிப் பணிஸ் போலிருந்தது. கூர்முனை எதிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ராடார் திரைகளில் மழை ஓர் இடைஞ்சலாகத் தெரிந்தது. போருக்குப் பின் அதையே மழையை அளக்கப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு சிக்கல். இரண்டு மில்லிமீற்றர் துளியொன்று, ஒரு மில்லிமீற்றர் துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரொலியைத் தனியாகவே தந்துவிடும். அந்த 64 துளிகளிலும் உள்ள தண்ணீரோ அதைப்போல எட்டு மடங்கு. எதிரொலியை மட்டும் நம்பினால் வெள்ளக் கணக்கு பிழைத்துவிடும்.

1976இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் செலிகாவும் பிரிங்கியும் துளியின் தட்டை வடிவத்திலேயே தீர்வைக் கண்டார்கள். கிடையாகவும் நிலைக்குத்தாகவும் அதிரும் இருவகை அலைகளை அனுப்பினால், தட்டையான துளி கிடையலையைக் கூடுதலாகத் திருப்பும். அந்த வித்தியாசம் துளியின் பருமனைச் சொல்லிவிடும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். இங்கிலாந்தின் சில்போல்டனில் 25 மீற்றர் அகன்ற அலைவாங்கியோடு 1980களில் முகில்களுக்குள் பார்த்தார்கள். நீர் உறையும் மட்டத்துக்கு மேலேயும் உறையாத பெருந்துளிகள் ஒடுங்கிய தூண்போல நின்றன. வேகமாக மேலெழும் காற்று அவற்றைத் தூக்கிச் சென்றிருந்தது. அமெரிக்க வானிலைச் சேவை தன் ராடார்களை இம்முறைக்கு மாற்றியது 2011க்கும் 2013க்கும் இடையில்தான்.

அடுத்த பாடத்தில் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப புத்தகத்தில ஏன் சேர் கூரா வரையிறாங்க?" என்றாள் அவள். நானும் இருபது வருடமாகக் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்தவன் என்பதை ஒத்துக்கொண்டு, ஒரு பணிஸை வரைந்து காட்டினேன்.