பெருவிரல் போடும் தாளம்: வாவிக்கரையில் கிற்றார்

விரலால் மீட்டும் புளூஸ் கிற்றார் பெருவிரலில் தொடங்குகிறது. வலக்கைப் பெருவிரல் தடித்த தந்திகளில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். தாளக்காரரும் பாட்டுக்காரரும் ஒரே ஆளாக இருப்பதுதான் இந்த முறையின் உயிர். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, சித்தாண்டிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் கிடக்கும் கிரானில் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த வேலைப் பிரிவு புதிதல்ல. கூத்தாடும் களரியின் நடுவே, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் இடுப்பில் கட்டி முழக்கும் மத்தளத்தில் தொப்பி என்ற இடப்பக்கம் கனத்த ஒலியைத் தர, வலந்தலை என்ற வலப்பக்கம் சொற்களை உதிர்க்கும். கருவி வேறு; கைகள் கற்கவேண்டியது ஒன்றுதான்.

விரலால் நரம்பை மீட்டும் கலை பழந்தமிழரிடம் யாழாக இருந்தது. பின்னர் அது வழக்கொழிந்தது. அதன் அமைப்பையும் சுருதிகளையும் நூல்களிலிருந்து மீட்டெடுக்க முயன்றவர் இதே கீழைக்கரையில், காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவரது ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அவர் பெயரைத் தாங்கிய கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. ஆனால், கிற்றார் வந்த வழி வேறு.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆட்சி போனாலும் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் இங்கேயே தங்கினர். தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்களைச் செய்தனர். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் தெருவில் தமிழும் பேசினர். அக்காலத்துப் போர்த்துக்கேயரிடம் இருந்த நரம்புக் கருவிகள் இன்றைய கிற்றாரின் முன்னோர்கள். ஆறு தந்திக் கிற்றார் இப்போதைய வடிவைப் பெற்றது 19ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினில். ஆகவே கோட்டை கட்டியவர்களோடு இந்தக் கிற்றாரும் வந்திறங்கியது என்று எழுதுவது பிழை. நெடுங்காலமாக வந்தது இசைப் பழக்கம். கருவி பின்னால் வந்து அதில் சேர்ந்துகொண்டது.

அந்தப் பழக்கத்தின் பெயர் கபிரிஞ்ஞா. ஆபிரிக்கரைக் குறிக்கும் ‘காஃப்ர்’ என்ற சொல்லோடு போர்த்துக்கேயச் சிறுமை விகுதி சேர்ந்து உருவான பெயர் அது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கரின் தடம் பெயரிலேயே இருக்கிறது. கலியாண வீடுகளில் வயலின் மெட்டை எடுக்க, கிற்றாரும் தோற்கருவியும் துள்ளும் ஆறெட்டுத் தாளத்தைப் பிடிக்க, இணை இணையாக ஆடுவார்கள். புளூஸும் ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் அமெரிக்காவில் ஆக்கிய இசை. இரண்டும் உறவு என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகப்பட்ட மக்கள் அயலாரின் நரம்புக் கருவியில் தங்கள் தாளத்தை ஏற்றிய கதை இரு கரைகளிலும் நடந்தது.

கபிரிஞ்ஞாவின் கிளையான பைலாவை 1940களில் பாடகர் வோலி பஸ்தியன் சிங்களத்தில் பரவலாக்கினார். 1960களின் பிற்பகுதியில், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த நித்தி கனகரத்தினம் அதே துள்ளலில் தமிழ்ச் சொற்களை ஏற்றினார். ‘சின்ன மாமியே’ அவ்வாறு பிறந்த பாட்டு. பின்னர் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தும் ஒலித்தது. பொப்பிசை என்று பெயர் பெற்ற இந்த அலைதான் பல தமிழ் வீடுகளுக்குள் கிற்றாரைக் கொண்டுவந்தது. எனினும் அதில் கிற்றாரின் வேலை பெரும்பாலும் தந்திகளை ஒரே வீச்சாக அடித்துப் பாட்டைத் தாங்குவதே. ஒவ்வொரு விரலுக்கும் தனி வேலை கொடுக்கும் முறையை அது கேட்கவில்லை.

அந்த முறை முதிர்ந்த இடம் அமெரிக்காவின் தென்புலம். மிசிசிப்பியின் ரட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்திமேல் வழுக்கி வாசித்ததை 1903 அளவில் கேட்டதாக இசைக்கலைஞர் டபிள்யூ. சி. ஹாண்டி எழுதினார். புளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1928இல் சில இசைத்தட்டுகளைப் பதிந்துவிட்டு அவலோன் என்ற தன் ஊருக்குத் திரும்பி வயல் வேலை பார்த்தார். 1963இல் அவரை ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடித்தபோதும் அவரது பெருவிரல் தாளம் பிசகாமல் இருந்தது. ஸ்டீபன் கிராஸ்மன் போன்ற இளைஞர்கள் கேரி டேவிஸ் என்ற பார்வையற்ற போதகரிடம் நேரில் அமர்ந்து கற்று, அதைப் பாடநூல்களாக்கினர். ஆறு கோடுகள், அவற்றின்மேல் எண்கள்: எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தை அழுத்துவது என்று காட்டும் ‘டப்’ குறிப்பு அவ்வாறு பரவியது. அதற்கு முன்பு கற்றவர்களுக்கு இருந்தவை இரண்டே: பக்கத்தில் வாசிப்பவரின் கை, தேயத் தேயப் போட்டுக் கேட்ட இசைத்தட்டு.

கூத்திலும் கல்வி அப்படியே நடந்தது. ஏடோ கொப்பியோ பாட்டுக்கு உண்டு; மத்தளத்துக்கு இல்லை. அண்ணாவியார் தாளக்கட்டை முதலில் வாயால் சொல்வார். பழகுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல் வாயில் நின்ற பிறகே காலுக்கும் கைக்கும் இறங்கும். சட்டம் கொடுத்து, அதாவது ஆடுபவருக்கு அவரவர் பாட்டைக் கொடுத்து, ஆட்டம் பழகத் தொடங்கினால் சதங்கை அணிந்து அரங்கேற்றம் காண மாதங்கள் செல்லும். மத்தளம் பழக விரும்பும் இளைஞர் அத்தனை இரவும் சல்லரி என்னும் கைத்தாளத்தைப் போட்டுக்கொண்டு அண்ணாவியாரின் கையைப் பார்த்திருப்பார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, மாணவருக்குப் பழக்கியவர் கிரானுக்குப் பக்கத்து வந்தாறுமூலையின் செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகமும் அந்தக் கையைத் தேடித்தான் வரவேண்டியிருந்தது.

புளூஸ் பழகும் வரிசையும் இதிலிருந்து விலகுவதில்லை. முதலில் பெருவிரல் மட்டும்; ஆறாம் தந்திக்கும் நாலாம் தந்திக்கும் மாறி மாறி, பேச்சுக் கொடுத்தாலும் குலையாத அளவுக்கு. உள்ளங்கை ஓரத்தைத் தந்தியின் அடியில் சாய்த்தால் ஒலி மங்கி, தோலில் தட்டியதுபோல் கேட்கும். பிறகு ஒரு விரல், தாளத்தோடு சேர்ந்து. அதன் பின் தாளத்துக்கு இடையில். இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். விரல் புறப்பட்டதும் பெருவிரலும் கூடவே ஓடிவிடும். மெட்டை வாயால் பாடிக்கொண்டு பெருவிரலை மட்டும் போடுவதே இதற்கு மருந்து. பன்னிரண்டு தாள அளவுக்குள் மூன்றே சுரக்கூட்டுகள் சுற்றிவருவதால் வடிவம் எளிது. கடினம் சுரத்தில். புளூஸின் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. தந்தியைச் சற்றே இழுத்தால்தான் அது கிடைக்கும். எண் குறிப்பு அந்த இழுப்பின் அளவைச் சரியாகச் சொல்லாது, காதுதான் சொல்லும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இந்தக் காதுவழிக் கல்விக்குப் பெரும் இடையூறுகள் வந்தன. உள்நாட்டுப் போரில் கூத்துக் களரிகள் பல ஆண்டுகள் இருண்டன. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவர்கள் செறிந்து வாழ்ந்த டச் பார் குடியிருப்பை அழித்தது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையில் ஆய்வாளர்கள் எஞ்சிய கிரியோல் பேச்சையும் பாட்டையும் ஆடலையும் கடந்த பத்தாண்டில் பதிவுசெய்து காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். கிரானிலும் வந்தாறுமூலையிலும் சித்தாண்டியிலும் மத்தளம் அடிக்கும் கைகளை அருகில் வைத்துப் படம்பிடிக்க இன்று ஒரு கைப்பேசி போதும். அண்ணாவியார்மார் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.