நாசோனியா குளவியின் இணையீர்ப்பு வேதிக்குறிகள்

நாசோனியா விட்ரிபென்னிஸ், ஈக்களின் கூட்டுப்புழுக்கள் மீது முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுள்ள இதை 1836இல் பிரான்சிஸ் வாக்கர் விவரித்தார். ஒட்டுண்ணிக் குளவிகளுள் இணைதேடலின் வேதியியல் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

வாழ்க்கைமுறை

ஈக்கூட்டிலிருந்து ஆண்களே முதலில் வெளிவரும். சிறகு குறுகியதால் அவற்றால் பறக்க இயலாது. பிறந்த இடத்திலேயே பெண்களுக்காகக் காத்திருக்கும். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். ஆகவே இணைசேராத பெண்ணும் முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து வருபவை யாவும் ஆண்களாகவே இருக்கும்.

நடத்தை ஆய்வுகள்

பட்டுப்பூச்சியில் பெண் வெளியிடும் பாம்பிகால் என்ற ஈர்ப்புப்பொருளை 1959இல் புட்டெனன்ட் குழுவினர் கண்டறிந்தனர். இத்தகைய வேதிக்குறிகளைச் சுட்டும் ‘பெரோமோன்’ என்ற சொல்லும் அவ்வாண்டே வழக்குக்கு வந்தது. நாசோனியா ஆய்வோ மணத்தில் தொடங்காமல், நெருக்கத்தில் நிகழும் காதலாட்டத்தில் தொடங்கியது. ஆண், பெண்ணின் முதுகிலேறி மீண்டும் மீண்டும் தலையசைப்பதை 1960இல் பராஸ் விவரித்தார். ஆணின் வாயுறுப்புகளை மூடிவிட்டால் பெண் இசைவதில்லை என்று வான் டென் அசெம் குழுவினர் 1980இல் காட்டினர். தலையசைப்போடு ஒரு வேதிப்பொருளும் வெளிப்படுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

வேதிப்பொருள்கள்

தொலைவிலிருந்து ஈர்க்கும் பொருளை 2007இல் யோவாகிம் ரூத்தர் குழுவினர் அடையாளம் கண்டனர். இங்கே அதை வெளியிடுவது ஆண். வயிற்று நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு 5-ஹைட்ராக்சி-4-டெக்கனோலைடின் இரு வடிவங்களை அது பூசிச் செல்கிறது. இணைசேராத பெண்கள் அந்தத் தடத்தை நாடி வருகின்றன. 4-மெத்தில்குயினாசோலின் சிறிதளவு சேர்ந்தால் ஈர்ப்பு வலுப்படுவது 2008இல் தெரியவந்தது. அதிக அளவில் பெரோமோன் வெளியிடும் ஆணிடம் விந்தணுவும் மிகுதி என்பது 2009இல் வெளியான முடிவு.

இணைசேர்ந்த பெண் இந்த மணத்தை நாடுவதில்லை. அதன் காரணம் 2014இல் விளங்கியது: ஆணின் வாயிலிருந்து வரும் எத்தில் ஓலியேட் உள்ளிட்ட மூன்று எஸ்டர்கள் பெண்ணை இசைய வைப்பதோடு ஈர்ப்பையும் நிறுத்திவிடுகின்றன. அதன்பின் பெண்ணின் நாட்டம் முட்டையிடத்தக்க ஈக்கூடுகள் மீது திரும்புகிறது.

பரிணாமம்

நாசோனியா ஜிராட்டி உள்ளிட்ட உறவினங்களில் டெக்கனோலைடின் ஒரு வடிவமே உண்டு. இரண்டாம் வடிவம் விட்ரிபென்னிஸில் புதிதாகத் தோன்றியது என்றும், அதன் உருவாக்கத்தில் மூன்று மரபணுக்கள் பங்குகொள்கின்றன என்றும் நீஹுயிஸ் குழுவினர் 2013இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். ஜிராட்டிப் பெண்கள் இப்புதுப்பொருளைப் பொருட்படுத்துவதில்லை. விட்ரிபென்னிஸ் பெண்கள் அதைப் பிரித்தறிகின்றன. ஆணின் மணம் முதலில் மாறியது, பெண்ணின் தெரிவு பின்னர் அதற்கேற்ப அமைந்தது என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு.