மாத்திரையை விழுங்க வைத்த தளபதி

இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட். போர்க்கதை மாதிரி இருக்கும், ஆனா பேசப்போறது மலேரியா மாத்திரை பத்தி. நேரம் இருக்கும்போது பொறுமையா வாசிங்க.

முதல்ல ஒரு கணக்கு. வருஷம் 1943, இந்தியா-பர்மா எல்லை. ஜப்பானை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையில், குண்டடி பட்டு ஒருத்தர் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போனால், நோயில் படுத்துப் போனவர்கள் 120 பேர்.

திரும்பப் படிங்க. ஒன்றுக்கு 120.

மலேரியா மட்டுமே ஒரு வருஷத்தில் மொத்தப் படையில் நூற்றுக்கு 84 என்ற கணக்கில் ஆளைச் சாய்த்தது. அதுபோக சீதபேதி, ஸ்க்ரப் டைஃபஸ், தோல் நோய்கள். எதிரி ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம், சும்மா காத்திருந்தாலே போதும் என்ற நிலைமை.

அந்த அக்டோபரில் இந்தப் படைக்குப் பொறுப்பேற்றவர் வில்லியம் ஸ்லிம். 14வது ராணுவம் என்று பெயர். இங்கிலாந்தின் பேரைச் சொல்லும் படைதான், ஆனா உள்ளே பெரும்பான்மை இந்தியர்கள். கூடவே கூர்க்காக்கள், ஆப்பிரிக்கர்கள், பிரிட்டிஷார்.

ஸ்லிம் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. 1891இல் பிரிஸ்டலில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை, அப்புறம் இரும்புக் கம்பெனியில் கிளார்க். முதல் உலகப்போரில் கல்லிபோலியில் சுடப்பட்டார். பிறகு கூர்க்கா ரெஜிமென்ட். நடுவில் கேம்பர்லி ஸ்டாஃப் காலேஜில் பாடம் எடுத்தார். நம்ம பெல்காமில் மூத்த அதிகாரிகளுக்கான பள்ளிக்குத் தலைமை வகித்தார். கைச்செலவுக்கு ஆண்டனி மில்ஸ் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதையும் எழுதினார்! வாத்தியார் புத்தி கடைசி வரை அவரை விட்டுப் போகலை. அது முக்கியம், கீழே வருது.

1942இல் பர்மாவிலிருந்து தோற்று, ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி இந்தியா வந்து சேர்ந்தவர் இவர். அதே காட்டுப்பாதைகளில்தான் நம்ம சனங்களும் ரங்கூனை விட்டு நடந்தே வந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் தமிழர்கள் ஏராளம். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. பர்மாவிலிருந்து வந்த தாத்தா கதை உங்க வீட்டிலும் இருக்கலாம்.

சரி, மலேரியாவுக்கு வருவோம்.

அப்போது உலகத்துக்குக் கொய்னா கிடைத்தது பெரும்பாலும் ஜாவாவிலிருந்து. ஜாவா ஜப்பான் கையில். மாற்று மருந்து மெபாக்ரின். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் நீல் ஹாமில்டன் ஃபேர்லி என்ற மருத்துவர், தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றிச் சோதித்துப் பார்த்து, தினமும் ஒரு மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஆள் படுக்காமல் நிற்கிறார் என்று காட்டினார்.

ஆக மருந்து இருக்கு. ஆதாரம் இருக்கு. வாயில் போடத்தான் ஆள் இல்லை. தோல் மஞ்சளாகும், கசக்கும், அதுக்கும் மேல "இதைப் போட்டா ஆண்மை போயிடும்" என்று ஒரு வதந்தி. (எண்பது வருஷம் ஆச்சு. வதந்தி வாட்ஸப்புக்கு மாறியிருக்கு, வசனம் மாறலை.)

இங்கதான் ஸ்லிம் செய்த காரியம். மாத்திரை சாப்பிடுவதை டாக்டர் வேலை என்று அவர் பார்க்கவில்லை, கமாண்டிங் ஆபீசர் வேலையாக்கினார். திடீரென்று ஒரு யூனிட்டுக்கு ஆள் போகும். ஒருத்தர் விடாமல் அத்தனை பேருக்கும் பரிசோதனை. 95 சதவீதத்துக்குக் குறைவானவர்கள்தான் மருந்து எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த யூனிட்டின் தலைவருக்கு வேலை போச்சு. மூன்றே பேரைத்தான் அவர் நீக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு மருத்துவனா எனக்கு இதில் பொறாமையே உண்டு. டிபி மாத்திரையை ரெண்டாம் மாசமே நிறுத்திட்டு வர்ற நோயாளியை நாங்க என்ன செய்ய முடியும்? கெஞ்சலாம், திட்டலாம். தண்டனை நோயாளிக்கு இல்லாமல் மேலதிகாரிக்கு என்று வைத்ததுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

அடுத்தது இடம். முன்பெல்லாம் காய்ச்சல் வந்தவரை நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இந்தியாவுக்குள் அனுப்புவார்கள். திரும்பி வர மாசக்கணக்காகும். இப்போது போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரம் போட்டு மலேரியா சிகிச்சை முகாம்கள். காய்ச்சல் வந்து ஒரு நாளுக்குள் படுக்கை, சில வாரத்தில் திரும்பவும் தன் கம்பெனியில். பலத்த காயம் என்றால் விமானம்.

பொழுது சாயும் முன் முழுக்கால்சட்டை, சட்டைக் கையை இறக்கி விடணும், இருட்டின பிறகு குளிக்கக் கூடாது. இதெல்லாம் அவர் உத்தரவு. 1944இல் ஒருநாள் அவரே இருட்டின பிறகு குளிச்சார். மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார்!

1945இல் நோய் விகிதம் நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

மருந்து மட்டும் போதாதே, அதையும் அரிசியையும் காட்டுக்குள் கொண்டு சேர்க்கணும். அந்தப் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஸ்னெல்லிங்கிடம். விமானத்திலிருந்து மூட்டை போடப் பட்டு பாராசூட் கிடைக்கவில்லை. கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் போய் சணலில் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடிந்தது. பட்டு பாராசூட்டின் விலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. மனுஷனைக் கட்டி இறக்க முடியாது, மூட்டைக்குப் போதும். முன்னணியில் அரை ரேஷன் என்றால் ஸ்லிம் தன் தலைமையகத்துக்கும் அரை ரேஷன் போட்டுவிடுவார். ஆபீஸ் மேஜையில் இருப்பவருக்கும் பசித்தால்தான் லாரி சீக்கிரம் கிளம்பும் போல.

பயிற்சியிலும் வாத்தியார் வாத்தியார்தான். காட்டில் ஜப்பானியரை வெல்லவே முடியாது என்ற பயம் படைக்குள் ஊறிப்போயிருந்தது. முதலில் சின்னச் சின்ன ரோந்து, அதில் சின்னச் சின்ன வெற்றி. அடுத்து எதிரியின் ஒரு கம்பெனியைத் தாக்க முழு பிரிகேடையே அனுப்பினார். அநியாயமான கணக்குதான். ஆனா தோற்றுப் பழகின மாணவனுக்கு முதல்ல பாஸ் ஆகிற பரீட்சைதானே வைக்கணும்? ஆஸ்பத்திரி, சமையற்கட்டு உட்பட எல்லா யூனிட்டும் தன் காவலைத் தானே பார்க்க வேண்டும் என்பதும் விதி.

1944 மார்ச்சில் ஜப்பானின் முதாகுச்சி இம்பால் மேல் பாய்ந்தார். கையில் ஏறத்தாழ மூன்று வாரச் சாப்பாடு. மீதியைப் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிடலாம் என்பது திட்டம். கூடவே ஓட்டி வந்த மாடுகளில் நிறைய சிந்த்வின் ஆற்றிலேயே போச்சு. முற்றுகையில் இருந்த இம்பாலுக்கோ வானத்திலிருந்து அரிசி, பெட்ரோல், தபால், 4.3 கோடி சிகரெட்டும்கூட (டாக்டராக இதை நான் பாராட்ட முடியாது!) வந்து இறங்கியது. திரும்பிப் போன விமானங்களில் 13,000 நோயாளிகளும் காயம்பட்டவர்களும்.

கோஹிமாவில் ஜப்பானியத் தளபதி சாட்டோ, சோறும் தோட்டாவும் வராததால் மேலிடத்து உத்தரவை மீறி பின்வாங்கினார். அந்தப் படையெடுப்பில் ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பசியிலும் நோயிலும். அந்தப் பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த ராணுவம் அது. இம்பால் முனைக்குப் போன அதன் பிரிவுகளையும் மலேரியாவும் பட்டினியும் வாட்டி எடுத்தன. சுபாஷ் படம் மாட்டியிருக்கும் வீடுகளில் இதை யாரும் பேசுவதில்லை. அவர்களுக்கு வீரம் குறைவில்லை, மாத்திரையும் சோறும்தான் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். சணல் பாராசூட் தைத்த அதே வங்காளத்தில் 1943இல் பஞ்சம். செத்தவர்கள் 30 லட்சம் வரை. ராணுவத்துக்கு முன்னுரிமை, ஊருக்கு அப்புறம் என்று அரசு முடிவெடுத்தது. அந்த முடிவு ஸ்லிமுடையது இல்லை. ஆனா அவர் படையின் ஆரோக்கியத்தைப் புகழும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புகழ முடியாது.

பிறகு நடந்தது வேகம். சணல் துணியைத் தாரில் தோய்த்து விரித்து நூறு மைலுக்கு மேல் சாலை. கலேவாவில் தேக்கு வெட்டிப் படகு. 1945 மார்ச் தொடக்கத்தில் ஜப்பானியரின் சரக்குக் கிடங்குகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் இருந்த மெய்க்டிலாவைப் பின்பக்கமாகப் போய்ப் பிடித்தார். சரக்கு இல்லாத படை என்ன ஆகும் என்று அவருக்குத்தான் நல்லாத் தெரியுமே.

ரங்கூன் நோக்கிக் கடைசி ஓட்டம், மே மாசத் தொடக்கம். மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பெட்ரோலும் குண்டும் கூடுதலாக வரட்டும் என்று முன்னணிப் படை ஓடியது அரை ரேஷனில்.