தாயார் தந்த கணக்கு

நாமக்கல் மலையடிவாரத்தில், நரசிம்மர் கோயிலுக்குள் தனிச் சன்னதியில் இருக்கிறாள் நாமகிரித் தாயார். 1887இல் ஈரோட்டில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் பிறந்த ராமானுஜனின் குடும்பத் தெய்வம். அவர் கனவில் தாயார் சூத்திரங்களைத் தந்தாள், அம்மாவின் கனவில் வந்து மகன் கடல் கடக்க அனுமதி தந்தாள் என்பது இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் கதை. இதே வட்டாரத்தில்தான் 'பொட்டப்புள்ளைக்குக் கணக்கு எங்கீங்க வரும்?' என்ற பேச்சும் புழங்குகிறது. கணக்கைத் தருபவள் பெண். கணக்கு வராதவளும் பெண். இந்த முரண் ஏன் யாரையும் உறுத்தவில்லை?

இந்தக் கதையாடலைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பெண்கள் தெரிகிறார்கள். அருள் தரும் தாயார். அனுமதி தரும் அம்மா கோமளத்தம்மாள். 1909இல், சுமார் பத்து வயதில், மனைவியாக்கப்பட்ட ஜானகி. மூவரில் ஒருவர் கையிலும் சிலேட்டு இல்லை. 1920இல் விதவையான ஜானகி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994இல் இறந்தார்.

இது நம்மூர்க் கட்டுப்பெட்டித்தனம் மட்டுமே என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1890இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில், முதலிடம் என்று அறிவிக்கப்பட்ட ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்தவர் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண். பட்டம் கிடைக்கவில்லை. ராமானுஜனுக்கு 1916இல் பட்டம் தந்த அதே பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல்தான்.

ராமானுஜன் எஃப்.ஏ. தேறவில்லை, அது மேதைமையின் அடையாளமாக வாசிக்கப்படுகிறது. ஒரு பெண் கணக்கில் தோற்றால் அது பெண்ணின் இயல்பு. சரி, நூற்றுக்கு நூறு வாங்கினால்? 'உருப்போட்டு வாங்கிட்டா.' பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் மாணவிகள் முந்தியும் இந்தச் சொல் மாறவில்லை. ஆணுக்கு அருள், பெண்ணுக்கு மனப்பாடம். இரண்டிலும் காணாமல் போவது உழைப்பு. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதிய ராமானுஜனின் உழைப்பையும் சேர்த்தே இந்தக் கதை மறைத்துவிடுகிறது.

2006இல் ராமானுஜன் பெயரிலான சர்வதேசப் பரிசைப் பெற்றவர் சுஜாதா ராமதொரை. அவருக்கு ஒரு கனவுக்கதை தேவைப்படவில்லை. நம் வகுப்பறைகளில் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. கணக்கைப் போட்டு முடித்த பெண்ணிடம், 'எப்படிப் போட்டெ?' என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்க வேண்டும்.