ஒரு வெள்ளியும் ஒரு துறையும்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை தோன்றிய வரலாறு ஏட்டில் ஒன்றாகவும் வாய்மொழியில் வேறொன்றாகவும் வழங்கி வருகின்றது. தனிநாயகம் அடிகளார் அதனை நிறுவினார் என்பர்; தோட்டப் பாட்டாளிகள் ஆளுக்கொரு வெள்ளி ஈந்து எழுப்பினர் என்றும் கூறுவர். இரண்டும் தமிழர் நெஞ்சுக்கு இனியவை. ஆதலின் அவற்றை உரைத்துப் பார்ப்பார் அரியர்.

முதற்கதையை ஆண்டுக் கணக்கே தீர்த்துவைக்கும். பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. இத்துறை அங்கேயே 1956இல் தோன்றி, 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது. அடிகளார் இலங்கையிலிருந்து வந்து தலைமை ஏற்றது 1961இல். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடுதற்கு அவர் பெரிதும் உழைத்தார். அப்பெருஞ்செயலின் ஒளி பின்னோக்கிப் படர்ந்து, துறையின் பிறப்பையும் அவர் கணக்கில் எழுதிவிட்டது போலும். அவர் புகழுக்கு இந்த இரவல் வேண்டுவதில்லை.

மற்றைக் கதை எளிதில் தள்ளத்தக்கதன்று. துறையின் அமைப்பைப் பற்றிக் கருத்துரைக்க அழைக்கப்பெற்ற வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாத்திரியார், வடமொழிக்கு முதன்மை தருமாறு பரிந்துரைத்தார். சோழர் வரலாற்றை விரித்தெழுதிய அவர் தமிழின் தொன்மையை அறியாதவரல்லர். அவரைத் தமிழ்ப்பகைவர் என ஒரு சொல்லில் முடிப்பதும் இன்னொரு கட்டுக்கதையே. இந்தியவியலுக்கு வடமொழியே அடித்தளம் என்னும் நோக்கு அந்நாள் அறிஞரிடையே வேரூன்றியிருந்தது. ஆயின், மலாயா இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் மொழிக்கு அவர் வாழும் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் இல்லையேல் வேறெங்கு உண்டு?

'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இவ்வினாவை மக்களிடம் கொண்டுசென்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி பிறந்தது. கேட்கப்பட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. கோலசிலாங்கூரிலோ பத்தாங் பெர்சுந்தையிலோ விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய ஒருவர்க்கு அது சில்லறைக் காசன்று. அன்றைய கூலியில் கணிசமான பங்கு. அவர்தம் லயத்துப் பிள்ளைகளுள் ஆறாம் வகுப்பைத் தாண்டியவரே சிலர்.

எனினும் அப்பணம் துறையை நிறுவவில்லை. அது பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்கத் திரட்டப்பெற்ற பணம். துறையை அமைத்தது பல்கலைக்கழகமே. பாட்டாளியின் வெள்ளி செய்தது பிறிதொன்று: தமிழைக் கேட்போர் நகரத்துப் படித்தவர் சிலரே எனத் தட்டிக்கழிக்க இயலாமற் செய்தது. கட்டடம் எழுப்பினர் என்று மிகைப்படுத்துவோர், ஒரு கணக்கேட்டைக் கண்டதும் பாட்டாளியின் பங்கு முழுவதையுமே மறுத்துவிடுதற்கு வழி திறக்கின்றனர்.

1956இல் துறை தொடங்கியபோது, அதன் முதன்மை மொழியாக இடம்பெற்றது வடமொழியன்று, தமிழ்.