இராமாநுஜன் கண்ட பேரெண்

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். பிரபவ முதலிய ஆண்டுகளையும் அறுபதாகவே வகுத்தனர். அறுபது தேங்காயை இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர் எவராயினும் உடைக்காமற் பங்கிட்டுக் கொள்ளலாம். அறுபதுக்குக் காரணிகள் 12. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

இவ்வாறு, தன்னிற் சிறிய எல்லா எண்களையும் காரணித் தொகையில் வெல்லும் எண்ணை உயர்பகு எண் என்பர். இவ்வெண்களை விரிவாக ஆராய்ந்து புகழ் பெற்றவர், 1887 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜன் ஆவார். எஃப். ஏ. பரீட்சையிற் தேறாது, 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் இலிகிதராய் அமர்ந்த அவர், 1914 இற் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டிலேயே இலண்டன் கணிதச் சங்கம் அவர்தம் கட்டுரையை வெளியிட்டது. 1916 இற் பட்டமும் அதற்கே கிடைத்தது. பணமுடையால் அன்று அச்சேறாத எஞ்சிய பகுதி 1997 இலேதான் வெளிவந்தது.

அக்கட்டுரைப் பட்டியலின் இறுதி எண் 6746328388800. அஃதாவது, 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்பவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்க இவ்வெண் வரும். ஒவ்வொரு முறைத்தொகையோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2 = 10080. இதுவே அதன் காரணித் தொகை.

102 எண்கள் நிரற்பட்ட அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293318625600, காரணிகள் 5040. விந்தை யாதெனில், அவர் எழுதிய இறுதி எண்ணை 23 ஆல் வகுக்க வருவதும் இவ்வெண்ணே! பின்வந்தோர் குறையைக் கண்டு நிரப்பினர். மேதையின் பெருமை அதனாற் குன்றியதோ? இல்லை, கணிதத்தின் நேர்மையே விளங்கிற்று.

இந்நேர்மை நமக்கும் வேண்டும். கலியுகத்தின் 432000 ஆண்டும் உயர்பகு எண்ணே என்று மேடையிற் கூற நம் நா துடிக்கலாம். எண்ணிப் பார்த்தால் அதற்குக் காரணிகள் 128. அதனிற் சிறிய 332640 க்கோ 192. இல்லாத புகழை ஏற்றிச் சொன்னாற்றான் முன்னோர் உயர்வர் என்பதில்லை.

பழந்தமிழிசையைக் கணித நெறியால் ஆராய்ந்து 1947 இல் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண் இது. இளைஞர்களே, இங்கே கூறியவற்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தாளும் பென்சிலும் எடுத்து, ஒரு மாலைப் பொழுதிற் பெருக்கிப் பாருங்கள். சரிபார்த்து ஏற்பதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை.